சதுப்பு விளக்கின் கேள்வி

மறையூரைத் தாண்டியதும் கரும்பு முடிந்தது. வெல்லம் காய்ச்சும் வாசனை மட்டும் இன்னும் சில வளைவுகள் பேருந்துக்குள் இருந்தது. பிறகு அதுவும் இறங்கிக்கொண்டது. அதன் இடத்தில் மஞ்சு, மலையின் மூடுபனி, வந்து உட்கார்ந்தது.

திரிபுரசுந்தரி ஜன்னலை மூடினாள். மடியில் பை. பைக்குள் மடிக்கணினி, ஒரு கீபோர்டு, ஒரு சுருள் கேபிள். பாலக்காட்டில் விடியலில் ஏறியவள். பொள்ளாச்சியில் ஒரு பேருந்து, உடுமலையில் ஒரு பேருந்து. எல்லாவற்றிலும் தூங்கினாள். சின்னாறு செக்போஸ்ட்டில் பையைத் திறக்கச் சொன்னார்கள். என்ன வேலை என்று கேட்டார்கள்.

"ஒரு மெஷினுக்குப் பேர் மாத்தணும்" என்றாள்.

காவலர் சிரிக்கவில்லை. மடிக்கணினியின் முதுகில் விரலால் ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு அனுப்பினார். அதுவும் கனவில் நடந்ததோ என்று இப்போது அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

கருமுடி எஸ்டேட்டில் ஒரு சர்வர் இருந்தது. லினக்ஸில் ஓடும் சிறிய இயந்திரம். செங்கல்லைவிடக் கொஞ்சம் பெரிது. சோலையின் ஓரத்தில் கேமராக்கள் இருந்தன. அவை யானையைப் பார்த்தால் சர்வருக்குச் சொல்லும். மலைப்பாதைகளில் கம்பங்கள் இருந்தன. ஒவ்வொரு கம்பத்திலும் ஒரு விளக்கு. விளக்குகள் மூச்சுவிடும் இடைவெளியில் சர்வரைக் கேட்டுக்கொண்டே இருக்கும்: ஏதாவது உண்டா? உண்டு என்று பதில் வந்தால் சிவக்கும். இல்லாவிட்டால் இருண்டிருக்கும். சிவப்பைக் கண்டவர் நிற்பார். இருட்டைக் கண்டவர் நடப்பார். கைபேசிகளுக்கும் செய்தி போகும். ஆனால் பாதிப் பாதைகளில் சிக்னல் கிடையாது.

சர்வரை முதலில் அமைத்தவர் அதற்கு யானை என்று பெயர் வைத்திருந்தார். செய்தி அந்தப் பெயரில்தான் தொடங்கும். யானை: பாலம். யானை: கோயில்மேடு. அவருக்கு அது நல்ல வேடிக்கையாகப் பட்டிருக்கலாம். அவர் இந்த மலையில் குடியிருக்கவில்லை.

அந்தப் பெயரை மாற்ற வேண்டும். அது ஒரு வேலை. முகவரியை மாற்ற வேண்டும். அது இன்னொன்று. மறுநாள் புதிய இணையத் தொடர்புக்கு ரவுட்டர் வருகிறது. சர்வர் இதுவரை இருந்த எண்ணில் அந்த ரவுட்டர் உட்காரும். கம்பெனியின் எல்லா எஸ்டேட்டுகளிலும் ரவுட்டருக்கு அந்த எண்தான். ஆகவே சர்வர் ஐந்திலிருந்து ஐம்பதுக்குப் போக வேண்டும். முகவரியின் மற்ற எண்கள் மாறாது, கடைசி மட்டும். அதே தெருவில் வேறு வீடு.

திரிபுரா பாலக்காட்டில் இருந்தபடியே இந்த வேலைகளைச் செய்வாள். சர்வர்கள் எங்கெங்கோ இருக்கும். அவள் கல்பாத்தி வீட்டின் மாடியறையில் இருப்பாள். இங்கே மட்டும் வரச் சொல்லியிருந்தார்கள். இணைப்பு அடிக்கடி அறுந்துபோகிறது என்று காரணம் சொன்னார்கள். வேலை நடுவில் அறுந்தால் சர்வர் பழைய வீட்டிலும் இல்லாமல் புதிய வீட்டிலும் இல்லாமல் நின்றுவிடும்.

ஸ்டோர் கீப்பர் டிஜோ நிறுத்தத்தில் குடையோடு நின்றான். கட்டப்பனையிலிருந்து வந்த மலையாளி. நாற்பதைத் தாண்டியவன். முன்மண்டையில் முடி இல்லை. மஞ்சு அதில் துளித்துளியாக நின்றது.

"சேச்சி வரும்போ மஞ்சயும் கூட்டிட்டு வந்தாச்சா?"

"நான் எங்க கூட்டிண்டு வந்தேன். அதுவாக்கும் பஸ்ல ஏறித்து."

உர மூட்டைகளுக்கும் மண்வெட்டிகளுக்கும் சர்வருக்கும் ஒரே அறை. ஒரே பூட்டு. அறை மலையின் ஒரு தோளில் இருந்தது. வாசலில் நின்றால் பள்ளத்தாக்கு தெரியும் என்று டிஜோ சொன்னான். இப்போது வெள்ளைதான் தெரிந்தது. அது மெல்ல அசைந்தது.

உள்ளே ஒரு மூட்டையின் மேல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் படங்கு இன்னும் ஈரமாக இருந்தது. கொழுந்தெடுத்துவிட்டு நேராக வந்திருக்கிறாள்.

"இது வேலுத்தாயக்கா" என்றான் டிஜோ. "மேல் லயத்து வீட்டு ஆளுகளுக்கு வேண்டி வந்திருக்கு. பேரு மாத்துறத கண்ணால பாத்துட்டுதான் போகுமாம்."

"பாத்தாத்தானம்மா போயி சொல்ல முடியும்" என்றாள் வேலுத்தாய். "இல்லாட்டி நாளைக்கும் ஒருத்தி போனத் தொறக்க மாட்டா."

"இப்போ தொறக்கறதே இல்லையா?"

"வந்ததும் அழிச்சிருவோம். அந்தப் பேர எழுத்துல பாக்குறதும் வாயால கூப்புடுறதும் ஒண்ணுதான. காட்டுக்குள்ள நின்னுக்கிட்டு அதச் சொல்லலாமா? பெரியவருன்னுதான் சொல்லுவோம்."

"விளக்கு?"

"வெளக்கு நல்லதும்மா. அது பேசாதுல்ல."

திரிபுரா மானிட்டரை மூட்டைமேல் வைத்து ஒயரைச் செருகினாள். அவள் வீட்டிலும் விளக்கேற்றிய பிறகு பாம்பு என்று சொல்ல மாட்டார்கள். ஏன் என்று அவள் கேட்டதில்லை. கேட்காமலேயே இன்றுவரை சொன்னதும் இல்லை.

"அப்போ என்ன பேர் வெக்கலாம்? சாமி பேர் ஏதாவது?"

"ஐயோ வேண்டாம்மா. கரண்டு போனா சாமி செத்துருச்சும்பாளுக."

"மானேஜர் பேரு வைக்கலாம்" என்றான் டிஜோ. "அதயும் இங்க யாரும் வாயால சொல்றதில்ல."

"அவரு பேர வச்சா வெளக்கு எரியாது. காலையில பேரெடுக்குற மஸ்டருக்கே லேட்டா வர்ற ஆளு."

"பெரியவர்னே வெச்சுட்டா?" என்றாள் திரிபுரா.

வேலுத்தாய் யோசித்தாள். படங்கின் ஓரத்திலிருந்து ஒரு துளி சிமெண்டுத் தரையில் விழுந்தது.

"வைங்க. கோவிக்க மாட்டாரு."

டிஜோ ஏதோ சொல்ல வாயெடுத்தான். வெளியே உரம் இறக்க வந்த லாரி ஹாரன் அடித்தது. சாவியை எடுத்துக்கொண்டு போனான்.

திரிபுரா பெயரை முதலில் மாற்றினாள். ஒரே வரி. என்டர். திரையில் எதுவும் நடக்கவில்லை. வரியின் தொடக்கத்தில் பழைய பெயரே நின்று துடித்தது. அடுத்த கட்டளைக்கு இயந்திரம் கொஞ்சம் தயங்கியது. பெரியவர் என்று யாரையும் தனக்குத் தெரியாது என்றது.

"என்ன சொல்லுது?"

"தன் பேர் தனக்கே தெரியலேங்கறது."

"புதுசுல்ல" என்றாள் வேலுத்தாய்.

இயந்திரத்துக்குள் ஒரு சின்னக் கோப்பு உண்டு. எந்தப் பெயருக்கு எந்த முகவரி என்று அதில் எழுதியிருக்கும். சர்வரிலும் உண்டு, கேமராவிலும் உண்டு, விளக்கிலும் உண்டு. சர்வரின் கோப்பைத் திறந்து பழைய பெயரை அழித்துப் புதிய பெயரை எழுதினாள். பிறகு வெளியே வந்து மறுபடி உள்ளே நுழைந்தாள். அப்போதுதான் அது மாறியது. வரியின் தொடக்கத்தில் பெரியவர்.

வேலுத்தாய் எழுந்து வந்து திரைக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துப் பார்த்தாள். ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக வாய்க்குள் கூட்டினாள்.

"அம்புட்டுத்தானா? ஆடு கீடு ஒண்ணும் வேண்டாமா?"

"ஆடா? ஆத்துல தெரிஞ்சா என்னை உள்ள விட மாட்டா."

வேலுத்தாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். மறையூர் வெல்லம். ஒரு உருண்டையை உடைத்துப் பாதியைத் திரிபுராவிடம் கொடுத்தாள். மீதிப் பாதியைக் கொஞ்சம் தயங்கி, சர்வரின் தலையில் வைத்தாள்.

"எறும்பு வரும்" என்றாள் திரிபுரா.

"நான் போனதும் எடுத்துருங்க."

முகவரி. புதிய எண்ணை எழுதினாள். பழையதை எடுத்தாள். இனி இதைப் படித்துக்கொள் என்று இயந்திரத்திடம் சொன்னாள். ஒரு சின்ன நேரம் அதற்கு முகவரி இல்லை. பச்சை விளக்கு அணைந்திருந்தது. மின்விசிறி மட்டும் ஓடியது. அந்த நேரத்தில் அது எங்கேயும் இல்லை என்று திரிபுராவுக்குத் தோன்றும். எத்தனை முறை செய்தாலும் தோன்றும். மாடியறையில் இருக்கும்போது அது வெறும் காத்திருப்பு. இங்கே வாசலில் மஞ்சு நின்றது. அதற்கும் முகவரி இல்லை.

பச்சை வந்தது. ஐம்பது.

பிறகு கேமராக்களுக்கும் விளக்குகளுக்கும் சேர்த்து ஒரே கட்டளை. உன் கோப்பில் யானை என்று இருக்கும் வரியைக் கண்டுபிடி. அதை எடுத்துவிட்டுப் பெரியவர், ஐம்பது என்று எழுது. எழுதியபின் அணைந்து எழுந்திரு. கட்டளை மலையெங்கும் போயிற்று. பழைய விளக்குகள். சூரிய ஒளியில் ஓடுபவை. மஞ்சுக்காலத்தில் எழுந்திருக்க நேரமாகும். எல்லாம் எழுந்ததும் ஒவ்வொன்றையும் கேட்டாள்: உன் சர்வரின் பெயர் என்ன?

பெரியவர் என்றது சதுப்புத் தடத்து விளக்கு. பெரியவர் என்றது பாலம். கோயில்மேடு. ஆறாம் நம்பர் காடு. எல்லாம் சொல்லின. சதுப்புதான் முதலில் சொல்லியது. மற்றவை கண்விழிக்கும் முன்பே சொல்லிவிட்டது.

வேலுத்தாயின் கைபேசிக்கு ஒரு சோதனைச் செய்தி அனுப்பினாள். அது இடுப்பில் முனகியது. வேலுத்தாய் எடுத்தாள். திறந்தாள். உரக்கப் படித்தாள்.

"பெரியவர் சோதனை." முகம் மலர்ந்தது. "மருவாதியா இருக்கு."

டிஜோ கட்டன் சாயாவோடு வந்தான்.

"விளக்கெல்லாம் ஒரு தடவை சிவப்பு போட்டுப் பாக்கணும்" என்றாள் திரிபுரா.

"இப்ப வேண்டாம் சேச்சி. வேலை விடுற சமயம். சிவப்பு கண்டா ஆளுக அங்கங்க நின்னுரும். அணைஞ்சாலும் கொஞ்ச நேரம் நகராது. எல்லாரும் வீடு சேரட்டும்."

அது நியாயமாகத்தான் இருந்தது. பெயர் கேட்டாயிற்று. எல்லாம் சரியாகச் சொல்லின. திரிபுரா சாயாவை வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வெல்லத்தைக் கடித்துச் சாயாவைக் குடித்தாள். மஞ்சு சில இடங்களில் மெலிந்து தேயிலை தெரிந்தது. மறுபடி மூடியது. கீழே எங்கோ பெண்களின் பேச்சு கேட்டது. ஆட்கள் தெரியவில்லை. பேச்சு மட்டும் ஏறி வந்து, திரும்பி, லயத்தின் பக்கம் போயிற்று. வெளிச்சம் எந்தத் திசையிலிருந்தும் வராமல் எல்லா இடத்திலும் இருந்தது. அதுவும் குறைந்துகொண்டிருந்தது. அவள் நின்றபடி தூங்கிவிடுவாள் போலிருந்தது.

வேலுத்தாயின் கைபேசி முனகியது. டிஜோவினுடையதும்.

"பெரியவர் சோலை ஓரம்" என்று படித்தாள் வேலுத்தாய். "சோதனையா?"

"நான் ஒண்ணும் அனுப்பலையே."

பள்ளத்தாக்கில் ஒரு சிவப்பு பூத்தது. அதற்கு மேலே இன்னொன்று. வட்டமான, ஓரம் கரைந்த சிவப்புகள். பாலம் என்றான் டிஜோ. கோயில்மேடு. இன்னும் ஒன்று வெகுதூரத்தில், எரிகிறதா இல்லையா என்று சொல்ல முடியாமல். அழகாக இருந்தது. திரிபுரா அழகாக இருக்கிறது என்று சொல்லவும் செய்தாள்.

வேலுத்தாய் எண்ணுவதுபோல் விரலை நீட்டிக்கொண்டே போனாள். விரல் ஓரிடத்தில் நின்றது.

"அங்கன ஒண்ணு எரியணுமே."

"எங்க?"

"சதுப்புல. பாக்டரிலேருந்து ஏறி வர்ற தடம்." குரல் சிறியதாகிவிட்டது. "அவுக அதுலதான் வருவாக."

"யாரு?"

வேலுத்தாய் டிஜோவைப் பார்த்தாள். டிஜோதான் சொன்னான்.

"கந்தப்பேட்டன். அக்காவோட வீட்டுக்காரரு. பாக்டரி விட்டாச்சு, இப்ப ஏறிட்டிருப்பாரு."

"போன் பண்ணுங்கோ."

"சதுப்புல சிக்னல் எங்க சேச்சி இருக்கு. அதுக்கு வேண்டிதானே விளக்கு."

டிஜோ டார்ச்சை எடுத்தான். வேலுத்தாய் அவன் சட்டையைப் பிடித்தாள்.

"எங்க போற? சோலைக்கும் சதுப்புக்கும் நடுவுல பெரியவரு தடம். நீ ஓடி நேரா அவரு கால்ல போயி விழுவ."

சதுப்பு இருண்டிருந்தது. இருட்டைக் கண்டவர் நடப்பார்.

திரிபுரா உள்ளே ஓடினாள். கையில் இருந்த சாயா எங்கே போனதென்று தெரியவில்லை. கேபிளில் என்ன போகிறது, என்ன வருகிறது என்று பார்க்கும் கட்டளையைத் தட்டினாள். வரிகள் வந்தன. பாலம் கேட்கிறது, ஐம்பது பதில் சொல்கிறது. கோயில்மேடு கேட்கிறது, ஐம்பது பதில் சொல்கிறது. அவற்றின் நடுவே வேறொரு வரி வந்தது. போயிற்று. மறுபடி வந்தது.

ஐந்தில் யார்? சதுப்புக்குச் சொல்லவும்.

ஐந்தில் யார்? சதுப்புக்குச் சொல்லவும்.

அவள் அதைப் பார்த்தாள். விளக்கு உயிரோடுதான் இருந்தது. பழைய வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. உள்ளே யாரும் இல்லை. பதில் வராததால் இருண்டிருந்தது.

"அஞ்சையா கேக்கறது? பெரியவர்னு சொல்லித்தே அது!"

"சேச்சி" என்றான் டிஜோ.

அவன் உர மூட்டையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"அந்த விளக்குல மட்டும் சின்ன கண்ணாடித் திரை ஒண்ணு இருக்கு. சர்வர் பேரு அதுல ஓடும். விடிய வேலைக்குப் போற பெண்ணுங்க அதுல மண்ணு அப்பி வைப்பாங்க. நான் தொடைப்பேன், அவங்க அப்புவாங்க. போன மழைக்கு நானே அதுல மட்டும் பெரியவர்னு மாத்திட்டேன். நம்பர் தொடல. மத்தியானம் சொல்ல வந்தேன், லாரி வந்துருச்சு."

திரிபுராவுக்கு முழுவதும் தெரிந்தது. யானை என்ற வரியைத் தேடு என்று சொல்லியிருந்தாள். சதுப்பில் யானை இல்லை. ஆகவே எதுவும் மாறவில்லை. பெயர் என்ன என்று கேட்டாள். பெரியவர் என்றது. அது பொய் சொல்லவில்லை. எழுந்திருக்க வேண்டிய அவசியமும் அதற்கு இருக்கவில்லை. அதனால்தான் முதலில் பதில் சொன்னது.

விளக்கின் கோப்பைத் திருத்தலாம். திருத்தினால் அணைந்து எழ வேண்டும். மஞ்சுக்காலத்துப் பழைய பேட்டரி. எழுந்திருக்க நேரமாகும். அந்த நேரம் கந்தப்பனிடம் இல்லை.

ஐந்து என்ற எண் இன்னும் காலியாகத்தான் இருந்தது. ரவுட்டர் நாளைக்குத்தான் வருகிறது.

ஒரு இயந்திரத்துக்கு இரண்டு முகவரி இருக்கலாம். புதிய வீட்டில் இருந்துகொண்டே பழைய வீட்டிலும் ஒரு கதவைத் திறந்து வைக்கலாம். ஒரு வரி போதும். விரல்கள் குளிரில் விறைத்திருந்தன. முதல் தடவை ஓர் எழுத்து தவறியது. இயந்திரம் புரியவில்லை என்றது. அழித்தாள். மறுபடி தட்டினாள்.

வாசலில் வேலுத்தாய் நின்றாள். படங்கு அவிழ்ந்து ஒரு பக்கம் தொங்கியது. அவள் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு, கத்தாமல், பக்கத்தில் நிற்பவரிடம் சொல்வதுபோல் ஒரு சொல் சொன்னாள்.

"கந்தப்பன்."

திரிபுரா என்டரைத் தட்டினாள்.

ஐந்தில் யார்? சதுப்புக்குச் சொல்லவும்.

ஐந்தில் நான்.

"வந்துச்சு!" என்றான் டிஜோ.

வெள்ளைக்கு அடியில், மற்றவற்றைவிடத் தாழ்வாக, ஒரு சிவப்பு. முதலில் கறைபோல. பிறகு வட்டமாக. மூவரும் அதைப் பார்த்து நின்றார்கள். அது வந்த நேரம் சரியான நேரமா என்று அங்கிருந்து தெரியாது. சத்தம் எதுவும் இல்லை. தேயிலையிலிருந்து நீர் சொட்டியது. எங்கோ ஒரு கிளை முறிந்தது. அது பக்கத்திலா தூரத்திலா என்று சொல்ல முடியவில்லை. அந்தச் சிவப்பை ஏதோ ஒன்று மெல்ல மறைத்தது. விட்டது. மறுபடி மறைத்தது. மஞ்சாகவும் இருக்கலாம்.

வேலுத்தாய் உட்கார்ந்துவிட்டாள். திரிபுரா பக்கத்தில் உட்கார்ந்தாள். வெல்லத்தின் இனிப்பு இன்னும் வாயில் இருந்தது. அது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

வெகுநேரம் கழித்துச் சிவப்புகள் அணைந்தன. அதற்கும் வெகுநேரம் கழித்துப் பாதையில் செருப்புச் சத்தம் கேட்டது. தேயிலைத் தூளின் வாசனை முதலில் வந்தது. அதற்குப் பின்னால் ஒரு மெலிந்த மனிதர் வந்தார். தலையில் சாக்கை மடித்துப் போட்டிருந்தார். எல்லோரும் வாசலில் இருப்பதைப் பார்த்து நின்றார்.

"என்ன, யாருக்காச்சும் மேலுக்குச் சொகமில்லையா?"

"ஒங்களுக்கு ஒண்ணுமில்லையா?" என்றாள் வேலுத்தாய்.

கந்தப்பன் சாக்கை எடுத்து உதறினார். உதறியதையே மறுபடி உதறினார்.

"வெளக்கு அணஞ்சிருந்துச்சு. நடந்தேன். முன்னால மரம் நின்னுச்சு. சதுப்புக்குள்ள ஏது மரம்னு யோசன வரல. மஞ்சுல எல்லாம் மரமாத்தான தெரியுது. சட்டுனு வெளக்கு செவந்துச்சு. நின்னேன்." சாக்கை மடித்துத் தோளில் போட்டார். "மரம் நடந்துச்சு."

"எத்தன மரம் ஏட்டா?" என்றான் டிஜோ.

"எண்ணிக்கிட்டா நின்னேன்? கண்ண மூடிட்டேன்."

"நல்லா மூடுனீக" என்றாள் வேலுத்தாய். எழுந்து படங்கை இறுக்கிக் கட்டினாள். "ஆளப் பாரு. கண்ண மூடுனா பெரியவருக்குத் தெரியாதாக்கும்."

"அதுக்கு முன்னால யாரோ எம்பேரச் சொன்ன மாதிரி இருந்துச்சு."

"யாரு சொல்லுவா. குளிருக்குக் காது அடச்சிருக்கும். வாங்க, சோறு ஆறுது."

இருவரும் லயத்தின் பக்கம் நடந்தார்கள். அவள் முன்னால், அவர் பின்னால். மஞ்சு அவர்களை வாங்கிக்கொண்டது. டிஜோ டார்ச்சைக் கையில் வைத்துக்கொண்டு அதை ஏற்றாமலேயே நின்றான்.

"சேச்சி, நான் பண்ணினது தப்பு."

"நீங்க பேரைப் பாத்தேள். நானும் பேரை மட்டும்தானே பாத்தேன்" என்றாள் திரிபுரா.

எஸ்டேட்டின் விருந்தினர் அறையில் படுத்தாள். தூக்கத்தில் யாரோ கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஐந்தில் யார்? அவளுக்குப் பதில் தெரியும். ஆனால் சொல்ல வாய் வரவில்லை.

காலையில் சதுப்பு விளக்கின் கோப்பைத் திறந்து எண்ணை மாற்றினாள். அது அணைந்து, நிதானமாக எழுந்து, ஐம்பதைக் கேட்டது. பழைய முகவரியைச் சர்வரிலிருந்து எடுத்தாள். எடுத்த பிறகும் கேபிளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தை யாரும் தேடவில்லை.

இன்னொன்று மீதி இருந்தது. அதை யாரும் அவளிடம் கேட்கவில்லை. விளக்குகளின் உள்ளே ஒரு விதி இருந்தது. பதில் வராவிட்டால் இருண்டிரு. அதை அழித்தாள். பதில் வராவிட்டால் சிவந்திரு என்று எழுதினாள். எல்லா விளக்குகளிலும் எழுதினாள். இந்த முறை ஒவ்வொன்றையும் தனித்தனியே திறந்து கண்ணால் பார்த்தாள்.

மஸ்டருக்கு எல்லோரும் கூடியிருந்தபோது டிஜோ போய்ச் சொல்லிவிட்டு வந்தான். இப்போது எல்லா விளக்கும் சிவக்கும், சோதனைதான், யாரும் பயப்பட வேண்டாம் என்று. வேலுத்தாய் கூடையோடு ஸ்டோர் வாசலுக்கு வந்தாள்.

"பாதையில யாராவது இருக்காளா?" என்றாள் திரிபுரா.

"அவுக மட்டுந்தான். பாக்டரிக்கு எறங்குதாக. சோதனைன்னு சொல்லித்தான் அனுப்புனேன்."

திரிபுரா சர்வரின் பின்னால் கைவிட்டுக் கேபிளைப் பிடுங்கினாள்.

வாசலுக்கு வந்தாள். முதலில் ஒன்றும் இல்லை. மெலிந்த காலை மஞ்சு. அதன் கீழே பள்ளத்தாக்கு, தேயிலை, பாதைகளின் கோடு. பிறகு பாலம் சிவந்தது. கோயில்மேடு சிவந்தது. இதுவரை அவள் பார்த்திராத இடங்களிலும் சிவப்பு வந்தது. வளைவுகளில், ஓடைக்கு மேலே, மறுபக்கத்து மலையின் இடுப்பில். சர்வர் எங்கேயும் இல்லை. யானையும் எங்கேயும் இல்லை. மலை முழுவதும் சிவந்திருந்தது.

"ஒண்ணுமில்லாததுக்கா இம்புட்டுச் செவப்பு?" என்றாள் வேலுத்தாய்.

"இல்லேன்னு தெரிஞ்சாத்தான் இருட்டு. தெரியலேன்னா சிவப்பு."

வேலுத்தாய் அதை மனத்துக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பிறகு சதுப்பின் பக்கம் கையை நீட்டினாள். விளக்கின் கீழே ஒரு மெல்லிய கறுப்பு நின்றது. அசையவில்லை.

"பாருங்க. சோதனைன்னு தெரியும். இருந்தும் நிக்காக."

திரிபுரா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். தூரத்திலிருந்து அது மரம் போலத்தான் இருந்தது.

"செருகுங்கம்மா. வேலைக்கு லேட்டாகுது."

அவள் உள்ளே போய்க் கேபிளைச் செருகினாள். பச்சை வந்தது. வாசலுக்குத் திரும்பினாள். சிவப்புகள் ஒவ்வொன்றாகக் கேட்டன, பதில் பெற்றன, அணைந்தன. சதுப்பு கடைசியில் அணைந்தது.

மரம் நடந்தது.